நீலப் பென்சிலில் ‘லூ’ போட்ட பெட்டி

அன்புள்ள லூர்து அண்ணனுக்கு,

கொடி ஏறிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது. நீங்கள் இருந்தபோதும் ஆடியது. இன்றைக்குச் சரி பண்ணுகிறேன், நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

எழுதக் காகிதம் இல்லை. பெட்டி மூடியில் ஒட்டுகிற சீட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பேச வேண்டிய இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் வரும். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் அறிக்கை எழுத என்னைத்தானே பிடித்து உட்கார வைப்பார்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை அண்ணே. அதனால் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுரங்க டவுன்ஷிப்பின் ஓரத்தில், தைலமரங்களுக்குப் பின்னால், துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருக்கிறது. சுட்டதும் தரையில் விழும் தோட்டாவின் பித்தளை உறைகளை நாங்கள் குப்பி என்போம். அவற்றை யாரும் தூக்கி எறிவதில்லை. கரி போகக் கழுவிக் கொடுத்தால், லைசென்ஸ் உள்ள உறுப்பினர்கள் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து அதிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். அந்த அறைக்குள் எங்களுக்கு வேலை கிடையாது. கழுவுகிற கொட்டகைதான் எங்களுடையது. லூர்து அண்ணன் பதினெட்டு வருடமாக, நான் ஆறு வருடமாக. இரண்டு பேரும் கான்ட்ராக்ட்.

கொட்டகை சுடுகிற மைதானத்தை ஒட்டி இருப்பதால் ஒரு சட்டம் உண்டு. சிவப்புக் கொடி ஏறினால் உள்ளே இருப்பவர் உள்ளேயே கிடக்கவேண்டும். விசில் அடித்துக் கொடி இறங்கும்வரை தலையை வெளியே நீட்டக்கூடாது. இரண்டு மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஒரு கம்பி ஜன்னல். வந்த புதிதில் நான் அழுதேவிட்டேன்.

“இன்னா தங்கச்சி, இது இன்னா ஜெயிலா? ரெண்டு மணி நேரத்துக்கு எவனும் வந்து வேலை சொல்லமாட்டான். அத்த நெனச்சிக்கினு உக்காரு” என்றீர்கள்.

அதற்குப் பிறகு கொடி ஏறினால் எனக்குக் கொண்டாட்டம்தான். நீங்கள் குறிஞ்சிப்பாடி தறிக்கதை சொல்வீர்கள், நான் என் மாமியார் கதை சொல்வேன். கை பாட்டுக்குக் குப்பிகளை அலசிக்கொண்டிருக்கும். இப்போது அதே கொட்டகைதான், அதே கொடிதான். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்று இருக்கிறது.

நீங்கள் போய் நான்கு மாதம். என்ன நடந்தது என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சென்னியப்பன் சார் சுட்டுக்கொண்டிருந்தபோது, குப்பி ஒன்று துப்பாக்கிக்குள்ளேயே பிளந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னம் கிழிந்தது, கட்டைவிரலில் தையல். அன்றைக்கும் கொடி ஏறியிருந்தது, நான் இங்கேதான் இருந்தேன். கத்தினார்கள், ஓடினார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசில் அடித்து வெளியே வந்தபோது மண்ணில் ரத்தத் துளிகள் மட்டும் இருந்தன.

பிளந்த குப்பியை விவரம் தெரிந்தவரிடம் அனுப்பிக் காட்டினார்கள். நெடி வீசுகிற பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அந்த மருந்து பித்தளைக்குள் இறங்கி நாள்பட நாள்பட அதை நொறுங்க வைத்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது என்று எழுதிக் கொடுத்தாராம். எந்தப் பெட்டிக் குப்பி என்று தேடினார்கள். மூடியில் சீட்டு இருந்தது. சீட்டில் நீலப் பென்சிலில் ‘லூ’ என்று இருந்தது.

அவ்வளவுதான் அண்ணே. பழி உங்கள் தலையில். உங்கள் இடத்தில் பிலோமினா அண்ணியை எடுத்துக்கொள்வதாக, உங்களை அடக்கம் செய்த அன்றைக்கே கல்லறைத் தோட்டத்தில் நின்று சொன்னார்கள் இல்லையா, அதையும் நிறுத்திவிட்டார்கள். இன்று ஐந்து மணிக்குச் சங்கக் கமிட்டி கூடுகிறது. அண்ணியை வரச்சொல்லியிருக்கிறார்கள். வேலை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்கு.

நீங்கள் ஒரு குப்பியை எப்படிப் பார்ப்பீர்கள் என்று இவர்களில் யாராவது வந்து பார்த்திருக்கிறார்களா? வெந்நீரில் புளியைக் கரைத்து, ஒரு கை உப்புப் போட்டு ஊறவைப்பீர்கள். சிட்ரிக் பவுடர் வாங்கித் தருகிறேன் என்று செயலாளர் சொன்னதற்கு, “குத்துவிளக்குக்கு ஆவறது இதுக்கும் ஆவும் சார்” என்றீர்கள். மூன்று தண்ணீர் அலசிச் சாக்கில் பரப்பிக் காயவைத்து, மேலே வெள்ளைத் துணி போடுவீர்கள், தூசி விழும் என்று. பிறகு உமியோடு உருளையில் போட்டுச் சுற்றவேண்டும். கடைசியில் ஐந்தைந்தாக உள்ளங்கையில் போட்டு, காதருகே வைத்துக் குலுக்குவீர்கள். ஒன்றில் கீறல் இருந்தாலும் தொண்டை கட்டின மாதிரி சத்தம் வரும். எது என்று கண்டுபிடித்துத் தனியே போட்டபிறகுதான் மூடியில் ‘லூ’ ஏறும்.

அப்படிப்பட்ட ஆள் பாலிஷ் போடுவாரா? மாட்டார். போட்டவள் நான்.

எழுதிவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

முதலில் முந்திரி ஓட்டுக் கதையைச் சொல்லவேண்டும், அப்போதுதான் நான் ஏன் பொய் சொன்னேன் என்பது புரியும். மூன்று வருடத்துக்கு முன்பு, உருளையில் போடுவதற்கு வால்நட் ஓட்டுத்தூள் என்று எதையோ வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். அது தீர்ந்துபோனது. கொட்டை ஓடுதானே, நம் ஊரில் இல்லாத கொட்டையா என்று நான், எண்ணெய் எடுத்த முந்திரி ஓட்டை ஒரு மூட்டை கொண்டுவந்து இடித்துப் போட்டேன். முந்திரி எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று எங்கள் ஊர் வடக்குத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இது எண்ணெய் எடுத்த ஓடாயிற்றே! அந்தத் தைரியத்தில் நீங்களும் தலையாட்டினீர்கள். உருளை சூடேறியதும் மிச்சமிருந்த எண்ணெய் எல்லாம் கசிந்து, குப்பிகள் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தன. நான்கு கையும் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியாமல் இரண்டு பேரும் ஸ்பூனால் சாப்பிட்டோம். துரையும் துரைசாணியும் என்று கேட் வாட்ச்மேன் ஒரு வாரம் ஓட்டினார்.

செயலாளர் வந்து “யார் வேலை இது?” என்று கத்தியபோது, நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார், எனக்குத்தான் புத்தி இல்ல” என்றீர்கள். அவர் போனபிறகு என்னிடம் ஒன்றுதான் சொன்னீர்கள்.

“இனிமே புதுசா எதுனா போடறதா இருந்தா, என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கினு போடு தங்கச்சி.”

கேட்கவில்லை அண்ணே.

நீங்கள் நெஞ்சுவலி என்று மூன்று நாள் வராமல் இருந்தீர்களே, அந்த மூன்று நாளில்தான். வெளியூர்க்காரர்கள் போட்டிக்கு வருகிறார்கள், பெட்டி எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டுப் போனார். புளியில் கழுவினால் சுத்தமாகும், பளபளக்காது. எங்கள் பங்குக் கோவில் திருவிழாவுக்கு மெழுகுத்திரித் தண்டுகளைத் தேய்க்க வாங்கிய பாலிஷ், ஒரு டின் மிச்சம் இருந்தது. பால் மாதிரி வெள்ளையாக, திறந்தால் மூக்கை அரிக்கும். பீடத்தில் வைக்கிற பித்தளைக்குப் போடுகிறோம், இதற்குப் போட்டால் என்ன? பித்தளை பித்தளைதானே? மூன்று நாளும் பழைய சேலைத்துணியில் அதைத் தொட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தங்கம் தோற்றது. பெருமை எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் நெடி போகச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் வைத்தேன். நெடியை எதற்காகப் போக்கினேன்? உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான். அந்த அளவுக்கு விவரமாகத்தான் இருந்தேன்.

நாலாம் நாள் நீங்கள் வந்து பெட்டியைத் திறந்தீர்கள்.

“இன்னா தங்கச்சி இப்படி மின்னுது? எதுல தேச்ச?”

“புளிதாண்ணே. கொஞ்சம் கெட்டியா கரைச்சேன்.”

ஒன்றை எடுத்து மோந்து பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். “கை நோவத் தேச்சிருக்கற. நல்லா கீது” என்றீர்கள். நம்பித்தான் சொன்னீர்களா அண்ணே? இல்லை, தெரிந்தும் விட்டுவிட்டீர்களா? நான்கு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் பெட்டியை விட்டிருக்கமாட்டீர்கள். நம்பியிருக்கிறீர்கள். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஐந்தைந்தாக எடுத்துக் குலுக்கிப் பார்த்தீர்கள். எல்லாம் கணீரென்று சத்தம் கொடுத்தன. இதைக் கமிட்டி நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும், அவர் காது தப்பு செய்யவில்லை. அன்றைக்கு எதிலும் கீறல் இல்லை. பிறகுதான் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது.

நீலப் பென்சிலை என்னிடம் நீட்டினீர்கள். “நீ தேச்சது, உன் குறியைப் போடு. எத்தினி வருசமா சொல்றேன், உனக்குன்னு ஒரு குறி வெச்சிக்கோன்னு” என்றீர்கள். “உங்களுதே இருக்கட்டும்ணே” என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தீர்கள். அடக்கம் இல்லை அண்ணே, பயம். நீங்கள் ‘லூ’ போட்டீர்கள். அதிலிருந்து பதினோராம் நாள் வடக்குத்து பஸ் ஸ்டாப்பில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அப்படியே போய்விட்டீர்கள்.

குப்பி பிளந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். கேட்கட்டும். என் வீட்டுக்காரர் அந்தோணியும் இதே கான்ட்ராக்டரிடம்தான் மைன்ஸுக்குப் போகிறார். முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

“நீ வாயத் தொறந்தா உனக்கும் கேட் பாஸ் கெடையாது, எனக்கும் கெடையாது. அப்பறம் இன்னா பண்றது, சொல்லு” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

செயலாளரிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். “சார், லூர்து அண்ணன் அப்படிச் செய்யற ஆளு இல்லிங்க” என்றேன். அவர் ஃபைலை மூடிக்கொண்டே, “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஸ்டெல்லா. ஆனா யாராவது ஒருத்தர் பேரைப் போட்டு முடிக்கணும் இல்ல? இருக்கறவங்க வேலை போகாம இருக்கே, அதைப் பாரு” என்றார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

தையல் பிரித்த மறுநாள் சென்னியப்பன் சார் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கன்னத்தில் தழும்பு. “ஏனுங்க ஸ்டெல்லா, பதினஞ்சு வருசமா லூர்து கழுவுனதைத்தான் சுட்டுட்டு இருக்கறனுங்க. அவரு கை பட்டது இப்படி ஆகுமுங்களா? எனக்கு நம்பிக்கையே வர்றதில்லீங்க” என்றார். அடிபட்டவரே உங்களை நம்புகிறார். நான் குனிந்து வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே தேய்த்த வாளி.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். முழங்காலில் நின்று, மாமியாரிடம் எரிந்து விழுந்தது, அன்பியத்தில் புறணி பேசியது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லேட்டாகப் போனது என்று வரிசையாகச் சொன்னேன். “வேற எதாவது இருக்காம்மா?” என்று ஃபாதர் கேட்டார். “இல்லிங்க ஃபாதர்” என்றேன். அந்த வாரச் சனிக்கிழமை மெழுகுத்திரித் தண்டு தேய்க்க என் முறை. டின்னைத் திறந்ததும் வெளியே ஓடிவந்துவிட்டேன். மயக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கே போனாலும் அந்த நெடி எனக்கு முன்னால் போய் நிற்கிறது.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பேன் அண்ணே. ஆனால் நேற்றுக் காலை அண்ணி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

“ஸ்டெல்லா, நீதான அவுரு கூடவே இருந்த. அந்த மாதிரி எதுனா ஊத்தித் தேச்சாரா? நீ பார்த்தியா? பார்த்திருந்தா சொல்லிடு. ஒருத்தர் ரத்தம் சிந்தறதுக்கு எங்க வூட்டு மனுசன்தான் காரணம்னா, நான் அந்த வேலையக் கேக்கவே மாட்டேன். சென்னியப்பன் சார் கால்ல வுழுந்துட்டு வந்துர்றேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கு ஞாபகம் இல்லிங்க அண்ணி” என்றேன். அவர் என் கையைப் பிடித்து, “சரி வுடு, உன்னை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். செய்யாத தப்புக்கு அந்த அம்மாள் போய்க் காலில் விழுவார். நான் இங்கே உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருப்பேன். சீ, என்ன ஜென்மம் நான்!

இன்றைக்குக் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்தோணி செருப்பை மாட்டிக்கொண்டே, “சாயந்திரம் லேட்டாவுமா?” என்று கேட்டார். “தெரியல” என்றேன். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “ஷிப்ட் முடிச்சிட்டு நான் கேட்டாண்ட வந்து நிக்கறேன்” என்றார். இன்றைக்குக் கமிட்டியில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பெட்டியைச் செயலாளர் பூட்டி வைத்திருக்கிறார், அதனால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை. நான் பாலிஷ் போட்டது அந்த ஒரே ஒரு பெட்டிதான். மற்றதெல்லாம் புளிதான், நீங்கள் பார்த்ததுதான். இதையும் கமிட்டி எழுதிக்கொள்ளட்டும்.

வெளியே சத்தம் குறைந்துவிட்டது. ஒருவர்தான் சுட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது, நிறுத்தி நிறுத்தி. காத்திருக்கிற நேரத்தில் என் ஸ்டூலைக் கவிழ்த்துப்போட்டு, மரச்சில் ஒன்றை ஆப்பாக அடித்துக் காலை இறுக்கிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. இதற்கா ஆறு வருடம் தவணை சொன்னீர்கள்? உங்கள் ஸ்டூலில் அண்ணி உட்காரட்டும். என்னுடையதில் யார் வந்து உட்காருவார்களோ தெரியாது, அவர்களாவது ஆடாமல் உட்காரட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் அண்ணே. விசில் அடித்ததும் நேராகக் கமிட்டி அறைக்குப் போகிறேன். அண்ணி இருக்கும்போதே, சென்னியப்பன் சார் இருக்கும்போதே, இதை முதல் வரியிலிருந்து படிப்பேன். தொண்டை அடைத்துக்கொண்டால் காகிதத்தை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, அவர் முழுக்கப் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். எங்கும் ஓடமாட்டேன். முந்திரி ஓட்டுக்கு என் கெட்ட பெயரை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். இதற்கு உங்கள் பெயர் வேண்டாம்.

அண்ணி என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

விசில் அடித்துவிட்டார்கள். உங்கள் நீலப் பென்சில் ஜன்னல் கட்டையில் அப்படியே இருக்கிறது, முனை சீவி வைத்த மாதிரியே. முதல்முறையாக என் குறியைப் போடுகிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
அந்தப் பெட்டியைத் தேய்த்தவள்,
‘ஸ்’